பாம்படம் வரைந்த கை

ஆடிப்பெருக்கு கழிந்து, கயத்தாற்றில் காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்கிற நாட்களில்தான் சிவகாசி ஏஜண்டு வருவார். தோளில் ரெக்சின் பை. பைக்குள் அடுத்த வருசத்துக் காலண்டர் ஆல்பம். அய்யாவின் பலசரக்குக் கடை அப்போது மெயின் ரோட்டில் இருந்தது. நல்லெண்ணெய், கருப்பட்டி, புண்ணாக்கு, மண்ணெண்ணெய் எல்லாம் கலந்து கிடக்கிற கடை வாசனைக்குள் அந்த ஆல்பத்தைத் திறந்ததும் அச்சு மை வாசனை குப்பென்று எழும்பும். உங்களுக்கும் அது மறந்திருக்காது. தாளில் மூக்கை வைத்து மோந்து பார்த்து, "சாமி படத்த எச்சிப்படுத்தாதல" என்று வசவு வாங்காத பிள்ளை நம் தெருவில் யார் இருந்தார்கள்?

அய்யா அவசரப்படவே மாட்டார். ஏஜண்டுக்குக் கலர் உடைத்துக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டுவார். லட்சுமியைப் பார்ப்பார், முருகனைப் பார்ப்பார், திரும்பவும் லட்சுமிக்கு வருவார். கடைசியில் அம்மாவுக்கு ஆள் போகும். அம்மா அடுப்படியிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்று, "இந்த லட்சுமி நல்லா களையா இருக்கா. நம்ம மேலத்தெரு மருமக ஜாடை அடிக்கி" என்பாள். அதோடு முடிந்தது. அந்த வருசம் நம் கடைக்கு மேலத்தெரு மருமகள்தான் மகாலட்சுமி.

மார்கழியில் பண்டல் வந்து இறங்கும். மேலும் கீழும் தகரப் பட்டை அடித்த படங்கள், அடியில் சிவப்பு எழுத்தில் கடைப் பெயர். பற்று வரவு நேராக வைத்திருக்கிற வீடுகளுக்கு முதலில் போகும். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் வந்து கடை வாசலில் நின்றால், அவர்களுக்கும் ஒன்றைச் சுருட்டிக் கொடுக்கத்தான் செய்வார் அய்யா. வருசம் முடிந்து தேதித் தாளெல்லாம் கிழிந்து போனாலும் படத்தை யாரும் எறிய மாட்டார்கள். ஓரத்தை வெட்டிக் கண்ணாடி போடுவார்கள். கண்ணாடி போட வக்கில்லாதவர்கள் சோற்றுப் பருக்கையைத் தேய்த்து மண்சுவரில் ஒட்டுவார்கள். அடுப்புப் புகையில் முருகனின் மயில் முதலில் பழுப்பாகும், பிறகு வேல், கடைசியாகத்தான் முகம்.

அந்த வருசங்களில் நம் ஊர்ப் பெண்களின் உடம்பை நினைத்துப் பாருங்கள். வெயிலில் காய்ந்த முழங்கை. பருத்தி எடுத்து எடுத்துக் கீறிப்போன விரல். குதிகால் வெடிப்பில் ஏறி உட்கார்ந்த கரிசல், எத்தனை தேய்த்தாலும் போகாது. மழை பெய்த மறுநாள் காட்டுக்குப் போய் வந்தால் காலில் அப்பிய மண்ணைக் குச்சியால் வழித்துப் போட்டுவிட்டுத்தான் நடை ஏற வேண்டும். கம்பும் குதிரைவாலியும் வளர்த்த உடம்புகள். சதை பிடிக்க அவற்றுக்கு நேரமே கிடைத்ததில்லை. அந்த உடம்புகள் வாழ்ந்த வீட்டுச் சுவரில்தான் இந்த லட்சுமி இருந்தாள். கழுத்தில் மூன்று வரி, முழங்கையில் குழி, உதட்டில் இப்போதுதான் தண்ணீர் குடித்தது போல ஈரம். பசியே அறியாத உடம்பு. ஆனால் முகத்தை மட்டும் உற்றுப் பார்த்தால் நமக்குத் தெரிந்த யாரோ ஒருத்தி.

படத்தின் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். சி. கொண்டையராஜு. சில படங்களில் அவரோடு சீடர் டி.எஸ். சுப்பையாவின் பெயரும் சேர்ந்து இருக்கும். சிறுபிள்ளையாக இருந்தபோது அது சாமியின் பெயர்களில் ஒன்று என்றுதான் தெருவில் பாதிப் பேர் நினைத்திருந்தோம்.

அவர் 1898இல் சென்னையில் பிறந்தவர். அங்கே அரசு ஓவியப் பள்ளியில் வெள்ளைக்காரன் முறையில் உடம்பு வரையப் படித்தார். எலும்பு எங்கே, சதை எங்கே, வெளிச்சம் விழுந்தால் நிழல் எந்தப் பக்கம் என்கிற படிப்பு. பிறகு திருவண்ணாமலையில் ரமணரிடம் கொஞ்ச காலம். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. நாடகக் கம்பெனியில் சீன் வரைகிறவராகச் சேர்ந்து ஊர் ஊராகப் போனார். 1940களின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனி கோவில்பட்டிக்கு வந்து கலைந்தது. ஆளுக்கொரு திசையாகப் போனார்கள், அவர் போகவில்லை. 1976இல் கண்ணை மூடும்வரை கோவில்பட்டிதான். சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம், சீனிவாசன், செண்பகராமன் என்று சுற்றிலும் சீடர்கள். தேவி ஆர்ட் ஸ்டுடியோவில் ஒரு பக்கம் போட்டோ, ஒரு பக்கம் படம்.

கோவில்பட்டியில் அவர் நின்றதற்கும் நம் வானத்துக்கும் தொடர்பு உண்டு. மழை பொய்க்கிற பூமி என்பதால்தான் இங்கே தீப்பெட்டி வந்தது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்த பிறகு அதற்குப் படம் வேண்டும். படம் போடுகிற கை பக்கத்து ஊரிலேயே கிடைத்தது. கோவில்பட்டியில் வரைந்ததைச் சிவகாசி அச்சடித்து இந்தியா முழுக்க அனுப்பியது. நம் வீடுகளில் குச்சி அடுக்கி, மைதாப் பசை வாசனையோடு பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் நிமிர்ந்தால் பார்ப்பதும் அதே சிவகாசி அச்சில் வந்த முருகனைத்தான்.

அவருடைய சாமிகள் ஏன் நம்மை நேருக்கு நேர் பார்க்கின்றன என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். ரவிவர்மாவின் பெண்கள் பலர் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். கொண்டையராஜுவின் மீனாட்சி கல்யாணத்தைப் பாருங்கள், எல்லாரும் ஒரு மேடையில் நிற்கிறார்கள். பின்னால் படுதா, வெளிச்சம் முன்னாலிருந்து. அது நாடக மேடை. பையன்கள் சீதையாகவும் வள்ளியாகவும் மாறுவதைப் பக்கத்தில் நின்று இரவு இரவாகப் பார்த்த மனிதரின் கண் அது. இதே தூத்துக்குடிச் சீமையில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் பாய்ஸ் கம்பெனி நடத்திய காலத்திலிருந்து வருகிற வழக்கம். மீசை அரும்பாத பையன், முந்தின ஊரில் சோற்றுக்கு நின்றவன், முத்துவெள்ளையும் அரிதாரமும் ஏறினால் ராணி. சாயம் ஏறியதும் அவன் நடை மாறுகிறது, குரல் மாறுகிறது, பார்க்கிற கூட்டமும் கையெடுக்கிறது.

நாம் சுடலைமாடன் கொடையில் பார்த்தோமே, அது வேறென்ன? கணியான் கூத்துக்கு வந்தவர்கள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, சின்னக் கண்ணாடியை மரத்தில் சாய்த்து வைத்து முகம் மழிப்பார்கள். பீடிப் புகை, பவுடர் வாசனை, கிடா ரத்தத்தின் கவிச்சி, பந்தம் எரிகிற எண்ணெய். சற்று முன்பு நம் கடையில் வெற்றிலை வாங்கிப் போனவர் சேலை கட்டிச் சலங்கையோடு எழுந்து நிற்கிறார். மகுடக் கொட்டு அதிர்கிறது. அதே நேரம் அந்தப் பக்கம் நம் ஊர் ஆசாரி ஒருவர் கண் சொருகி, உடம்பு நடுங்கி, மாடனாகிக்கொண்டிருக்கிறார். சாமத்தில் பார்த்தால் யார் யாராக இருக்கிறார்கள் என்றே பிடிபடாது. விடிந்தால் ஆசாரி உளியோடு உட்கார்ந்திருப்பார். நாமும் ராத்திரி நடந்ததைப் பற்றி அவரிடம் ஒன்றும் கேட்க மாட்டோம்.

இப்போது கொடைக்கு மெல்லிசைக் கச்சேரி வைக்கிறார்கள். தசராவுக்கு மட்டும் நம் பையன்கள் குலசேகரன்பட்டினத்துக்கு மாலை போட்டு, விரதம் இருந்து, காளி வேடம் கட்டுகிறார்கள். லாரியில் கிளீனராக இருக்கிற பிள்ளை சடாமுடியும் கிரீடமும் ஏற்றிக்கொண்டு தெருவில் வந்தால் பெற்ற தாயே காலில் விழுகிறாள். அந்தக் காளியின் கண்ணும் நாக்கும் நிறமும் காலண்டரிலிருந்து இறங்கி வந்தவை. கட்டுகிற பிள்ளைக்கு அது தெரியாது.

நம் ஊரில் இன்னொரு முகம் உண்டு. 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள். அவர் முகம் நம்மில் யாருக்கும் தெரியாது. கம்பளத்தார் கூத்தில் ஒரு முகம் இருந்தது, கிழவர்கள் சொன்ன கதையில் ஒரு முகம் இருந்தது. 1959இல் சிவாஜி நடித்த படம் வந்தது. அதற்குப் பிறகு நமக்கு ஒரே முகம்தான். சிவாஜி தானே இடம் வாங்கி இங்கே சிலையும் வைத்தார். சின்ன வயதில் கம்பளத்தார் கூத்தைப் பார்த்துத்தான் தனக்கு நடிப்பு ஆசை வந்தது என்று சொன்ன மனிதர் அவர். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சிலைக்குக் கீழே நின்று கட்டபொம்மனையும் பார்த்தோம், சிவாஜியையும் பார்த்தோம். இரண்டு பேரைப் பார்க்கிறோம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

சொல்ல வந்தது ஆச்சியின் படத்தைப் பற்றி.

ஆச்சி உயிரோடு இருந்தவரை படம் பிடித்துக்கொண்டதில்லை. பிடித்தால் ஆயுசு குறையும் என்பாள். செத்த அன்றைக்குத்தான் கோவில்பட்டியிலிருந்து போட்டோக்காரர் பஸ்ஸில் வந்து இறங்கினார். நாடிக்கட்டு கட்டி, நெற்றியில் துட்டு வைத்து, நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தோம். ஒரே ஒரு படம். கண் மூடிய ஆச்சி. துக்கம் கழிந்து அய்யா அதைப் பெரிது பண்ணுவதற்காக ஸ்டுடியோவுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். நாலாட்டின்புத்தூர் தாண்டியதும் மில் சங்குச் சத்தம் கேட்கிற பழைய பஸ் பயணம், அதே பாதையில் எழுத்தாளர்கள் கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் பிறந்த இடைசெவல்.

ஜன்னல் ஓரத்தில் சாய்வு மேசை. அதில் ஒரு பெரியவர், கொண்டையராஜு பட்டறையில் கை பழகியவர் என்று சொல்லிக்கொண்டார்கள். வேட்டி, கை வைத்த பனியன், காதோரத்தில் ஒரு மெல்லிய பிரஷ். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அய்யாவிடம் கேட்க ஆரம்பித்தார்.

"அம்மாவுக்குக் கண்ணு பெருசா, சின்னதா?"

"நடுத்தரமா இருக்கும்."

"பூ விழுந்திருந்துதா?"

"இல்ல. கடைசி வர ஊசியில நூலு கோத்தாக."

"வெத்தல போடுவாகளா?"

"நல்லாப் போடுவாக."

"சிரிச்சா பல்லு தெரியுமா?"

அய்யா பதில் சொல்லவில்லை. தாயார் செத்து அன்றுவரை அழாத மனிதர், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டார். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் பிரஷைத் தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தார். பிறகு, "மக யாரும் இருந்தா கூட்டிட்டு வாங்க. கண்ணு மகளுக்குத்தான் வரும்" என்றார்.

அத்தை போனாள். ஜன்னலோர ஸ்டூலில் உட்காரவைத்து, அவள் கண்ணுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாராம். வெட்கமாகப் போய்விட்டது என்று அத்தை பின்னால் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அதோடு விடவில்லை. "காது இப்படித் தொங்குதே, என்ன போட்டிருந்தாக?" என்று கேட்டிருக்கிறார். ஆச்சிக்கு வளர்த்த காது. பச்சைப் பிள்ளையில் குத்தி, குணுக்குப் போட்டு இழுத்து இழுத்து, தோளைத் தொடுகிற காது. அதில் கிடந்த பாம்படத்தைப் பஞ்சத்தில் கிணறு தோண்ட விற்றாயிற்று. அதற்குப் பிறகு அவள் காதில் ஒன்றும் போடவில்லை. அத்தை தயங்கித் தயங்கிச் சொன்னதும், "படத்துல கிடக்கட்டும்மா. ஊருல யாருகிட்டயாவது இருந்தா காமிங்க, பாத்துப் போடுதேன்" என்றாராம்.

கீழத்தெருக் கிழவி ஒருத்தியிடம் மட்டும் பாம்படம் இருந்தது. கழற்றித் தர மனசில்லை அவளுக்கு. அதைத் தப்பென்று சொல்லவில்லை, அது உடம்போடு சேர்ந்த நகை. "நானே வாரேன்" என்று கிளம்பிவிட்டாள். கோவில்பட்டிக்குப் பஸ் ஏறிப் போய், அந்த ஸ்டூலில் காதைக் காட்டி அசையாமல் உட்கார்ந்திருந்து, வரும்போது கடலைமிட்டாய் வாங்கி வந்து எங்களுக்கெல்லாம் பிட்டுக் கொடுத்தாள். ஆச்சிக்கும் அவளுக்கும் வாய்க்கால் தகராறில் பல வருசமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

படம் வந்தது. ஆச்சி கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தாள். வெற்றிலைச் சிவப்பு உதட்டில் கொஞ்சம், நெற்றியில் திருநீறு, தோளைத் தொடுகிற பொன் பாம்படம். கண் அத்தையுடையது, பாம்படம் கீழத்தெருக் கிழவியுடையது, முகம் ஆச்சியுடையது. அம்மா பார்த்துவிட்டு, "அத்த வந்துட்டாக" என்றாள்.

என் தங்கச்சி மகள் சென்னையில் கவின்கலைக் கல்லூரியில் படித்தவள். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய அதே இடம், கொண்டையராஜு படித்த அதே பள்ளி. அவள் உடம்பைத்தான் வரைகிறாள். காட்டு வேலை செய்த பெண்களின் முதுகு, பேறு கண்ட வயிறு, தீப்பெட்டி ஆபீசில் விரல் கன்றிப்போன கை. ஊருக்கு வந்தபோது பரணில் ஏறிப் பழைய காலண்டர்களை எல்லாம் இறக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "மாமா, கரிசல்ல இருந்துக்கிட்டு ஏன் ஒரு கறுத்த லட்சுமியக்கூட வரையல?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்கும் அந்தக் குறை உண்டு. விற்கிறவன் ஏற்கமாட்டான், வாங்குகிறவனும் ஏற்கமாட்டான் என்பது ஒரு காரணம். நம் ஜனம் சுவரில் தன்னைப் பார்க்க விரும்பவில்லை, தனக்குக் கிடைக்காததைப் பார்க்க விரும்பியது என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தாலும் அவளுடைய கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

ஆச்சி படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, போன தடவை அவள் ஒரு பெரிய சீலையில் வரைந்தாள். கரிசல் மண்ணைச் சலித்து, பசையில் குழைத்து, அந்த நிறத்தில் ஒரு காது. காது மட்டும். தோள் வரைக்கும் தொங்குகிற வெறும் காது, நடுவில் பெரிய துளை. பார்த்ததும் எனக்கு நெஞ்சை அடைத்தது. "ஆச்சிக்கு ஏன்டா நகை போடல?" என்றேன். "அந்தத் தாத்தா நகையத் திருப்பிக் குடுத்துட்டாரு மாமா. வித்தத யாராவது வரைய வேண்டாமா?" என்றாள். ஆச்சி எதற்காக விற்றாள் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கிணற்றில் இறங்கிப் பார்த்திருக்கிறாள்.

பெரியவர் கொடுத்ததும் அவள் எடுத்ததும் ஒரே காதில்தான். எனக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது.

அத்தை சமீபத்தில் காலமானாள்.

நான் போய்ச் சேர்வதற்குள் தெருமுனையில் பிளக்ஸ் கட்டிவிட்டார்கள். செல்போனில் இருந்த ஒரு படத்தை அனுப்பி, போன வேகத்தில் வாங்கி வந்திருக்கிறார்கள். மேகத்துக்கு நடுவில் அத்தை. முகத்தை வெள்ளையாக்கி, சுருக்கத்தை எல்லாம் துடைத்து, கழுத்துக்குக் கீழே வேறு யாரோ ஒருத்தியின் பட்டுச்சேலை உடம்பை ஒட்டியிருந்தார்கள். செய்த பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். கூலிக்குச் செய்கிறவன், அவனுக்குப் பின்னால் வரிசையில் கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் எல்லாம் நிற்கின்றன. யார் ஜாடை என்று கேட்க அவனுக்கு நேரம் கிடையாது. ஆனால் ஆச்சிக்குக் கொடுத்த அந்தக் கண் அதில் இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். காற்றில் பிளக்ஸ் படபடவென்று அடித்துக்கொண்டது. காடு முழுக்க இப்போது காற்றாலை. கம்பு விதைத்த நிலத்தில் வெள்ளைத் தூண் நட்டு இறக்கை சுற்றுகிறது. ஆடிக் காற்று மட்டும் மாறவில்லை.

காலண்டர் இப்போதும் வருகிறது. கடையைத் தம்பி மகன் பார்க்கிறான். ஆல்பம் அவனுக்குச் செல்போனிலேயே வந்துவிடும், எண்ணைச் சொன்னால் போதும், பண்டல் இறங்கிவிடும். யாரும் அடுப்படியிலிருந்து கூப்பிட்டனுப்பி ஜாடை கேட்பதில்லை.

கொண்டையராஜுவைப் பற்றிக் கனடாவிலிருந்து ஸ்டீபன் இங்கிலிஸ் வந்து ஆராய்ச்சி பண்ணினார். வெளிநாட்டில் கொண்டையராஜுவின் படங்களைச் சேகரித்து வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில்தான் போகி அன்றைக்கு எரிகின்றன, இல்லையென்றால் கண்ணாடி உடைந்துவிட்டது என்று அரச மரத்தடியிலும் கோயில் மதிலோரத்திலும் கொண்டுபோய்ச் சாய்த்து வைக்கிறோம். மழையிலும் கறையானிலும் அங்கேயே போய்விடுகின்றன. சாமி படத்தைக் குப்பையில் போட மனசு வராததால்தான் அப்படிச் செய்கிறோம் என்பது எனக்குத் தெரியும்.

உங்கள் வீட்டுப் பரணில் ஒன்றிரண்டாவது இருக்கும். இந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது இறக்கிப் பாருங்கள். தகரப் பட்டைக்கு மேலே, கீழ் ஓரத்தில், பெயர் பொடி எழுத்தில் இருக்கும். கொண்டையராஜுவோ சுப்பையாவோ ராமலிங்கமோ, யாராக இருந்தாலும் சரி. மரத்தடிக்குக் கொண்டுபோகாதீர்கள். ஈரம் படாமல் எடுத்து வையுங்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.